104-வது குழு கட்டிய சுவர்கள்

சோல்செனிட்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ நாவலைப் படித்தவர்களிடம், எந்த இடம் மனதில் நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சுவர் கட்டும் இடத்தைத்தான் சொல்வார்கள். காலையில் உடம்பு சரியில்லாமல் எழுந்து, மருத்துவ அறையில் ஓய்வு கேட்டு, அது கிடைக்காமல், மைனஸ் 27 டிகிரி குளிரில் காவலர்களும் நாய்களும் சூழ நடத்திக் கூட்டிவரப்பட்ட, ஸ்டாலின் கால உழைப்பு முகாமின் 104-வது குழுக் கைதி இவான் டெனிசோவிச் ஷுகோவ், கரணை கைக்கு வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறான். நாவலில் வேறு எங்குமே இல்லாத ஒரு வேகம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ரொட்டியை எங்கே ஒளித்து வைப்பது, எந்தக் காவலன் கண்ணில் படாமல் போவது, யாரிடம் ஒரு இழுப்புப் புகையிலை கிடைக்கும் என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கணக்குகளெல்லாம் அங்கே நின்றுவிடுகின்றன.

அவன் எடுத்த எடுப்பில் கல்லை வைத்துவிடுவதில்லை. முதலில் சுவரைப் பார்க்கிறான். அவனுக்கு முன்னால் அங்கே வேலை செய்த எவனோ ஒருவன் ஏனோதானோவென்று கட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஓரிடத்தில் சுவர் உள்வாங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தை ஒரே வரியில் சரிசெய்ய முடியாது, மூன்று வரி ஆகும், ஒவ்வொரு வரியிலும் கலவையைக் கொஞ்சம் கனமாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். இன்னோர் இடத்தில் வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை நிமிர்த்த இரண்டு வரி போதும். இப்படிக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அந்தச் சுவர் அவனுடையதாகிவிடுகிறது. கோடாலியால் பனிக்கட்டியைக் கொத்தி எடுக்கிறான், கம்பித் தூரிகையால் தேய்க்கிறான், நூல் கட்டுகிறான். கீழேயிருந்து வரும் கலவை ஆவி பறக்க வருகிறது. அடுத்த நிமிடம் உறைய ஆரம்பித்துவிடும். கல்லை வைத்தால் முதல் தடவையே சரியாக உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்து உறைந்துவிட்டால் அப்புறம் கோடாலியின் பின்புறத்தால் அடித்துப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஷுகோவின் கண்ணில் வெட்டவெளியும் படுவதில்லை, பனியில் அடிக்கும் வெயிலும் படுவதில்லை.

வேலை முடிந்ததற்கான மணி அடித்துவிடுகிறது. மற்ற குழுக்களெல்லாம் வாசலுக்கு ஓடுகின்றன. கலவை மிச்சம் இருக்கிறது. தூக்கிக் கொட்டிவிட்டுப் போனால் கேட்பாரில்லை. ஷுகோவுக்கு மனம் வரவில்லை. காது கேளாத சென்காவோடு சேர்ந்து மிச்சக் கலவைக்கும் கல் வைக்கிறான். எல்லாம் முடிந்து, மொத்தக் கூட்டமும் தனக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தும், நாயை ஏவிவிட்டாலும் பரவாயில்லை என்று திரும்ப ஓடிப்போய்ச் சுவரை ஒரு தடவை பார்க்கிறான். வலமிருந்து, இடமிருந்து, மேலே குனிந்து. கண்தான் அவனுக்கு ரசமட்டம். சுவர் நேராக இருக்கிறது. கைக்கு இன்னும் வயதாகவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் இந்தக் காட்சியை ஒருவர் சொல்லக் கேட்டேன். அலுவலக வேலையில் ஈடுபாடு வருவது எப்படி என்பது வகுப்பின் தலைப்பு. பேசியவர் நல்ல மனிதர். நாவலை உண்மையாகவே படித்திருந்தார், காட்சியை அழகாகவும் சொன்னார். முடிக்கும்போது, “மைனஸ் 27 டிகிரியில, சம்பளமே இல்லாம, ஒரு கைதி இப்படி ரசிச்சு வேலை பார்க்க முடியும்னா, ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற நம்மால ஏன் முடியாது?” என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர், “செய்யும் தொழிலே தெய்வம்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். எனக்குக் கை தட்ட வரவில்லை. ஆனால் என்ன தவறு என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. நாவலில் இருப்பதைத்தான் சொன்னார். அந்த மகிழ்ச்சி அங்கே அச்சில் இருக்கிறது. அது என்னைப் போட்டு அரித்துக்கொண்டே இருந்தது. நாவலைத் திரும்ப எடுத்தேன்.

குருஷ்சேவும் ஷலாமவும்

இந்தக் காட்சியை எடுத்து மேடையில் வைக்கும் ஆசை புதிதல்ல. ‘நோவி மிர்’ பத்திரிகையின் ஆசிரியர் த்வார்தோவ்ஸ்கி இதை அச்சேற்ற நேராக நாட்டின் தலைவர் வரை போக வேண்டியிருந்தது. 1962-ல் குருஷ்சேவின் உதவியாளர் லெபெதெவ் கையெழுத்துப் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டினார். குருஷ்சேவுக்குக் குறிப்பாகப் பிடித்துப்போனது இந்த வேலைக் காட்சிதான், ஷுகோவ் கலவையை வீணாக்காமல் காப்பாற்றுவதுதான் என்று சோல்செனிட்சினே பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த நவம்பர் மாத இதழில் நாவல் வெளிவந்தது. ஸ்டாலின் கால முகாமைப் பற்றி சோவியத் நாட்டில் அப்படி வெளிப்படையாக அச்சான முதல் கதை. அது வெளிவர அந்தச் சுவரும் ஒரு காரணம் என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. ஒரு கைதியின் ஒரு மணி நேர மகிழ்ச்சி, அவனை உள்ளே வைத்த ஆட்சிக்கே ஆறுதலாகிவிட்டது. பாருங்கள், அங்கேயும் எங்கள் ஆள் உழைப்பாளியாகத்தான் இருந்தான்!

கோலிமா முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பிய எழுத்தாளர் வர்லாம் ஷலாமவ் அதே நவம்பரில் சோல்செனிட்சினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இரண்டு இரவு தூங்கவில்லை, படித்தேன், திரும்பப் படித்தேன், பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது என்று ஆரம்பிக்கிறார். மனதாரப் பாராட்டுகிறார். ஆனால் நடுவில் கேள்விகள் வருகின்றன. உங்கள் முகாமில் மருத்துவ அறைப் பக்கம் ஒரு பூனை நடமாடுகிறதே, நிஜ முகாமாக இருந்தால் அதை என்றைக்கோ தின்றிருப்பார்களே. ரொட்டியை மெத்தைக்குள் வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் வரை அது அங்கே இருக்கிறதே. பேன் கூட இல்லையே. இந்த அருமையான முகாம் எங்கே இருக்கிறது, என் காலத்தில் அங்கே ஒரு வருடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறார். ஷலாமவுக்கு முகாம் உழைப்பு என்பது சாபம். தங்கச் சுரங்கத்தில் தள்ளுவண்டியும் கடப்பாரையும் ஒரு மனிதனைச் சில வாரங்களில் எப்படி எலும்பும் தோலுமாக்கும் என்பதை எழுதியவர் அவர். ‘உழைப்பு மானத்துக்கும் புகழுக்கும் வீரத்துக்கும் உரிய செயல்’ என்ற பொருளில் ஸ்டாலின் சொன்ன வாசகம் முகாம் வாசல்களில் தொங்கியதை அவரால் மறக்கவே முடியவில்லை. அப்படிப்பட்டவர் ஷுகோவின் உற்சாகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு பசித்த கைதி வரிசைகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்போது வருகிற வெறிக்கு இது கொஞ்சம் உறவு என்கிறார். அந்தப் பந்தயமும் இந்த நாவலிலேயே வருகிறது. மாலையில் 104-வது குழு இருக்கும் வரிசை, இன்னொரு தொழிற்சாலையிலிருந்து வரும் வரிசையை முந்த, பட்டினியோடு ஓட்டமும் நடையுமாகப் போகிறது. முன்னால் போனவர்களுக்கு எல்லாமே முதலில் கிடைக்கும் என்பதுதான் விஷயம்.

சோல்செனிட்சின் பக்கத்தில் நின்று பார்த்தால் அவரும் பொய் சொல்லவில்லை. 1950 முதல் 1953 வரை கஜகஸ்தானின் எகிபாஸ்துஸ் முகாமில் இருந்தவர், அங்கே கொத்தனார் வேலையே பார்த்தவர். கட்டாய உழைப்பு என்று தெரிந்தும், எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும், சில நேரம் வேலை ஆளை இழுத்துக்கொண்டுவிடுகிறது, சுவர் கட்டும்போது எனக்கே அது நடந்தது, நடக்காமல் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்ற பொருளில் முகாம்களைப் பற்றிய ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலில் சொல்கிறார். நான் இதை நம்புகிறேன். கையால் வேலை செய்கிற யாரும் நம்புவார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஷுகோவுக்கு இது முதல் முகாம் இல்லை. அதற்கு முன் வடக்கே உஸ்த்-இஷ்மாவில் மரம் வெட்டப் போட்டிருந்தார்கள். அங்கே உயிர் போகும் நிலைக்கு வந்து, ஸ்கர்வி நோயில் பாதிப் பல்லை இழந்தான். அளவு முடியும் வரை ராத்திரியானாலும் காட்டை விட்டு விடமாட்டார்கள். அந்த முகாமைப் பற்றி வரும் எந்த வரியிலும் வேலையில் இன்பம் என்ற பேச்சே இல்லை. ஷலாமவ் கேட்ட முகாமும் இந்த நாவலுக்குள் இருக்கத்தான் செய்கிறது, ஷுகோவின் ஞாபகத்தில், அவனுடைய பொக்கை வாயில். சுவரை ரசிப்பதற்கு முதலில் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு எத்தனை கிராம் ரொட்டியில் இருக்கிறது என்பது ஷுகோவுக்கு அத்துப்படி. காலையில் தந்த ரொட்டியைக் கையில் வைத்துப் பார்த்தே இருபது கிராம் குறைகிறது என்று கண்டுபிடிக்கிற ஆள் அவன்.

சாயங்காலம் வந்த ஒரு வரி

இந்தத் தடவை படிக்கும்போது நான் நின்றுபோன இடம் சுவரில் இல்லை. சாயங்காலத்தில், படுக்கைக் கொட்டகையில், யாரும் மேற்கோள் காட்டாத ஒரு பத்தியில்.

பூய்னோவ்ஸ்கி என்று ஒரு கடற்படைக் கேப்டன் அந்தக் குழுவில் இருக்கிறார். போரின்போது ஆங்கிலேயக் கப்பலில் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். போர் முடிந்ததும் அந்த ஆங்கிலேய அட்மிரல் நன்றியோடு ஒரு பரிசு அனுப்பித் தொலைக்க, அதற்காக 25 வருடம். முகாமுக்கு வந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை. இன்னும் அதிகாரியின் குரலிலேயே பேசுகிறார். அன்று காலை சோதனையில், உள்ளே கூடுதல் துணி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க, அந்தக் குளிரில் சட்டையைத் திறக்கச் சொல்கிறார்கள். “குளிரில் ஆட்களின் துணியை அவிழ்க்க உங்களுக்கு உரிமை இல்லை!” என்று சட்டப் பிரிவைச் சொல்லிக் கத்துகிறார். நீங்கள் சோவியத் மனிதர்களே இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். வோல்கவோய் என்ற அதிகாரி அங்கேயே பத்து நாள் தண்டனை அறை என்று அறிவித்துவிட்டுப் போகிறான். உடனே கொண்டுபோகவில்லை. ஒரு நாள் வேலை வீணாகுமே. அதனால் கேப்டன் அன்று பகலெல்லாம் ஷுகோவின் சுவருக்குக் கலவை சுமக்கிறார். அழுது வடியும் இன்னொரு கைதி பெத்யுகோவைப் போல இல்லாமல், முதுகு ஒடியச் சுமக்கிறார். நல்ல குதிரை என்று ஷுகோவே மனதுக்குள் மெச்சுகிறான்.

ராத்திரி காவலன் வந்து பூய்னோவ்ஸ்கி எங்கே என்று கேட்கிறான். குழுத் தலைவன் த்யூரின், எனக்கு யார் பெயர் ஞாபகம் இருக்கிறது என்று இழுக்கிறான், எப்படியாவது இன்று ஒரு ராத்திரியைத் தள்ளிவிடலாம் என்று. காவலன் சத்தமாகக் கூப்பிட்டதும், கீழ் அடுக்கில் சக கைதி சீசரோடு உட்கார்ந்திருந்த கேப்டன் தானே குரல் கொடுத்துவிடுகிறார். துறுதுறுப்பான பேன்தான் முதலில் சீப்பில் மாட்டும் என்று கதைசொல்லி முணுமுணுக்கிறார். “சரி, வருகிறேன் சகோதரர்களே” என்று கேப்டன் தடுமாறித் தலையசைக்கிறார். தைரியமாக இரு, மனம் விட்டுவிடாதே என்று நாலைந்து குரல்கள் வருகின்றன. வேறென்ன சொல்ல முடியும்? அடுத்த வரி இது: அந்தத் தண்டனைக் கட்டடத்தை 104-வது குழுதான் கட்டியது, அதனால் அவர்களுக்குத் தெரியும். கல் சுவர், சிமென்ட் தரை, ஜன்னல் கிடையாது. சுவரில் படிந்த பனி உருகித் தரையில் தேங்கி நிற்கும் அளவுக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். வெறும் பலகையில் படுக்கை. ஒரு நாளைக்கு 300 கிராம் ரொட்டி, மூன்றாம் நாள், ஆறாம் நாள், ஒன்பதாம் நாள் மட்டும் சூப். பத்து நாளை முழுசாக உள்ளே கழித்தால் ஆயுசுக்கும் காசநோய். பதினைந்து நாள் என்றால் மண்ணுக்குள்தான்.

இவர்களேதான் கட்டினார்கள். அதே ஆட்கள், அதே கை. பகலில் நாம் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கை. நாவலாசிரியர் இதை அழுத்திச் சொல்லவில்லை, தகவலாகத்தான் போகிறபோக்கில் சொல்கிறார். எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால் நாங்கள் கட்டியது, அவ்வளவுதான். ஆனால் சாயங்கால அந்த வரியைப் படித்த பிறகு பகல் சுவருக்குத் திரும்பிப் போனால் அது பழைய சுவராக இல்லை. ஷுகோவின் மகிழ்ச்சி பொய்யாகிவிடவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது, நேராக, ரசமட்டம் வைத்தது மாதிரி. ஆனால் அந்தத் திறமைக்கு மேலே உட்கார்ந்து, இன்றைக்கு மின்நிலையம் கட்டு, நேற்றைக்கு ஜன்னல் இல்லாத அறையைக் கட்டு என்று சொல்கிற ஒருவன் இருக்கிறான் என்பதும் கூடவே தெரிகிறது. எனக்குப் பயிற்சி வகுப்பில் கை தட்ட வராததன் காரணம் இங்கேதான் கிடைத்தது. அங்கே சொல்லப்பட்ட கதையில் சுவர் மட்டும் இருந்தது, சுவரைக் கட்டச் சொன்னவன் இல்லை.

அப்புறம் அந்த நாளின் ஆரம்பத்தையும் பாருங்கள். காலையில் குழுவுக்கு இருந்த பெரிய பயமே ‘சமூகநல நகர்’ என்ற புது வேலையிடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான். வெறும் பனிவெளி. அங்கே போனால் வேறு எதற்கும் முன்னால் குழி தோண்டி, கம்பம் நட்டு, தாங்களே ஓடிவிடாமல் இருக்கத் தங்களைச் சுற்றித் தாங்களே முள்கம்பி கட்டிக்கொள்ள வேண்டும். த்யூரின் கொழுப்புத் துண்டை லஞ்சமாகக் கொடுத்து அதை வேறொரு குழுவின் தலையில் கட்டிவிடுகிறான். குழு என்ற ஏற்பாடே எதற்கு என்றும் நாவல் சொல்கிறது. எல்லோருக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு, இல்லையென்றால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பட்டினி. அதனால் அதிகாரி விரட்ட வேண்டியதே இல்லை, கைதியைக் கைதியே விரட்டுவான். இவ்வளவு தெரிந்த எழுத்தாளர், சுவர்க் காட்சியை உழைப்பின் மகிமையாக எழுதியிருக்க முடியாது. த்யூரின் அன்று நல்ல கணக்கு எழுதி வாங்கிவிட்டதால் நாலைந்து நாளைக்கு ரொட்டி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கணக்குக்கும் சுவரின் நேர்த்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செய்த வேலையை விட எழுதின கணக்குதான் முக்கியம் என்று எல்லோருக்கும் தெரியும். ஷுகோவ் நேராகக் கட்டியது ரொட்டிக்காக இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதனால்தான் அந்த மகிழ்ச்சியை ஊக்கப் பேச்சுக்கு எடுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவனிடம் மிச்சம் இருந்த ஒரே சொந்தச் சொத்து அது. அதையும் வேலை வாங்குகிறவர்களின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நாவலின் கடைசியில் ஷுகோவ் அன்றைய நாளைக் கணக்குப் பார்க்கிறான். தண்டனை அறையில் போடவில்லை. குழுவைச் சமூகநல நகருக்குத் துரத்தவில்லை. மதியம் ஒரு கிண்ணம் கஞ்சி ஏமாற்றி வாங்கினான். சுவரைச் சந்தோஷமாகக் கட்டினான். சோதனையில் ரம்பத் துண்டோடு மாட்டவில்லை. புகையிலை வாங்கினான். நோயும் விழவில்லை. கிட்டத்தட்ட மகிழ்ச்சியான நாள். சுவர் கட்டிய சந்தோஷமும் சுவருக்குள் அடைபடாத நிம்மதியும் ஒரே பட்டியலில், ஒரே எடையில். கேப்டன் அந்தப் பட்டியலில் இல்லை. அந்நேரம் அவர் முதல் ராத்திரியில் இருக்கிறார்.

ஒரு நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் வேறொரு காட்சியைக் காட்டி மறுத்தார். காலையில் எழுந்திருக்க நேரமானதற்காக ஷுகோவைக் காவலர் அறையின் தரையைக் கழுவச் சொல்கிறார்கள். ஒப்புக்குத் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மிச்சத்தை அதிகாரிகள் நடக்கும் பாதையிலேயே ஊற்றிவிட்டுப் போகிறான். மனிதர்களுக்காகச் செய்தால் நன்றாகச் செய், மேலதிகாரிக்குச் செய்தால் செய்வது போலக் காட்டு, வேலை என்பது இரண்டு முனை உள்ள தடி என்பது அவனுடைய கொள்கை. “அப்படிப்பட்டவன் தண்டனை அறைச் சுவரை மட்டும் பார்த்துப் பார்த்தா கட்டியிருப்பான்? ஏனோதானோன்னு போட்டுட்டு வந்திருப்பான்” என்றார் நண்பர். அப்படி இருந்தால் நல்லதுதான். ஆனால் தரை கழுவுவது ஷுகோவின் தொழில் இல்லை. கரணை அப்படி இல்லை. நல்ல கரணை ஒன்றைக் கிடங்குக்காரனை ஏமாற்றி எடுத்து, திருப்பிக் கொடுக்காமல், தினமும் ஒளித்து வைத்துவிட்டுப் போகிறவன் அவன். குழுவில் கில்காஸும் அவனும்தான் தேர்ந்த கொத்தனார்கள். தண்டனைக் கட்டடத்தின் மூலைகளை அவர்கள் இருவரையும் விட்டால் வேறு யார் எடுத்திருக்க முடியும்? அந்த மூலைகள் நேராகத்தான் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.